அதே வண்டிதானா?

அல்பீன் ஏ110, பிரான்சின் வடகரைத் துறைமுக நகரமான தியெப்பைத் தாயகமாகக் கொண்ட இரண்டு கதவுக் கார். 1962-ல் அறிமுகமாகி 1977 வரை உற்பத்தியில் இருந்தது. உயரம் 1.13 மீட்டர்தான், வளர்ந்த ஆள் பக்கத்தில் நின்றால் அதன் கூரை இடுப்புக்குச் சற்று மேலே வரும். 1973-ல் உலக ராலி சாம்பியன் பட்டம் முதன்முறையாக வைக்கப்பட்டபோது அதை வென்றது இந்த வண்டி. அன்று ஓடிய அல்பீன்களில் சில இன்றும் பழைய கார்களுக்கான ராலிகளில் ஓடுகின்றன, பெரிய விலைக்குக் கை மாறுகின்றன. அவற்றில் ஒன்றைக் காட்டி, மோன்டே கார்லோ ராலியின் மலைச் சாலையில் ஓடியது இதுதானா என்று கேட்டால் உடனே விடை வருவதில்லை. இன்ஜின் மாறியிருக்கும், பாடியில் பாதி மாறியிருக்கும், சேஸிகூடப் புதிதாக இருக்கலாம். பாகமெல்லாம் மாறிய பிறகு ‘இது’ என்று எதைச் சுட்டுவது? கிரேக்கரும் பௌத்தரும் வைசேடிகரும் ஈராயிரம் ஆண்டாக வாதிட்டு வந்த கேள்வி இது. கிரேக்கர் கப்பலை எடுத்துக்கொண்டார்கள், பௌத்தர் தேரை எடுத்துக்கொண்டார்கள். ராலிக் கார் அந்த வரிசையில் கடைசியாக வந்து நிற்கிறது. கேள்வியின் எல்லா முடிச்சும் அதில் ஒருசேர விழுந்திருக்கிறது.

ஏ110-ஐக் கட்டியவர் ழான் ரெதெலே. 1922-ல் தியெப்பில் பிறந்து, போர் முடிந்த கையோடு சொந்த ஊரில் ரெனோ விற்பனை நிலையத்தை நடத்தியவர். ரெனோ 4சிவி என்ற சின்னக் குடும்பக் காரின் இன்ஜினில் வேலை செய்து அதைப் பந்தயங்களுக்குக் கொண்டுபோனார். இத்தாலியின் மில்லே மிலியா பந்தயத்தில் தன் பிரிவில் வென்றார். ஆல்ப்ஸ் மலை வளைவுகளில் ஓட்டியபோது கண்ட இன்பம் மனத்தில் நின்றதால், 1955-ல் தொடங்கிய நிறுவனத்துக்கு அல்பீன் என்று பெயரிட்டார். ஏ106, ஏ108, பிறகு ஏ110 என்று வந்த கார்களுக்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: ரெனோவின் பாகங்களை எடுத்து, கனமில்லாத ஒரு கூட்டுக்குள் வைப்பது.

இங்கேயே முதல் முடிச்சு விழுகிறது. ஏ110-ன் இன்ஜின் தொடக்கத்தில் ரெனோ 8 காருக்கானது. பின்னர் ரெனோ 16-ன் 1565 சிசி இன்ஜின் வந்தது. கியர்பாக்ஸும் பிற இயந்திர பாகங்களும் பெரும்பாலும் ரெனோ சரக்கே. பிறந்த அன்றே அதன் உறுப்புகளில் பல வேறு வண்டிகளுக்காகச் செய்யப்பட்டவை. அல்பீனுக்கே உரியவை என்று சொல்லத்தக்கவை இரண்டு. ஒன்று, நடுவில் முதுகெலும்பு மாதிரி ஓடும் தடித்த எஃகுக் குழாய். மற்றது, அதன்மேல் பிணைத்த கண்ணாடியிழைக் கூடு. கூட்டின் உட்புறத்தை, பூச்சில்லாத இடமாகப் பார்த்து விரலால் தடவினால் இழைத்துணியின் நெசவு தெரியும்; பிசின் ஊறி இறுகிப்போன பழைய பாயைத் தொடுவது போல இருக்கும். வெளிப்புறம் பளபளக்கும் நீலம். இந்தக் கூடு தகரத்தைப் போல நெளியாது. அடிபட்டால் பிளக்கும், மேல்பூச்சில் நட்சத்திர வடிவில் விரிசல் ஓடும். அந்த இடத்தை அறுத்தெடுத்து, புதுத் துணி விரித்துப் பிசின் தடவிக் கட்டுவதே அதற்கு வைத்தியம். எந்த விபத்துக்குப் பிறகும் கூட்டில் ஒரு பகுதி புதிதாகிவிடும் என்பது இந்த வண்டியின் அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

அப்படியானால் அல்பீனை அல்பீனாக்கியது எது? அரிஸ்டாட்டில் இருந்திருந்தால் பொருளை விட்டு வடிவத்தைக் காட்டியிருப்பார். இரும்பும் பிசினும் ரெனோ இன்ஜினும் வெறும் பொருள். அவற்றை இன்ன முறையில் அடுக்கிய ஒழுங்குதான் வண்டியை அந்த வண்டியாக்குகிறது. பின் ஆக்சிலுக்கும் பின்னால் இன்ஜின், நடுவில் ஒற்றைக் குழாய், தரையோடு தரையாக உட்காரும் ஓட்டுநர், அதனால் வரும் இலேசு: இந்த ஒழுங்கை எங்கே கொண்டுபோய்ச் செய்தாலும் அல்பீன்தான். நிறுவனமே அப்படித்தான் நினைத்தது. மெக்சிகோவிலும் ஸ்பெயினிலும் பல்கேரியாவிலும் உரிமம் பெற்று ஏ110 கட்டப்பட்டது. பிரேசிலில் அதற்கு முந்தைய ஏ108 வேறு பெயரில் ஓடியது. ஸ்பெயினில் கட்டியது அல்பீன் அல்ல என்று யாரும் வழக்காடவில்லை.

ஆனால் வடிவம் தரும் விடை இனத்துக்குத்தான் பொருந்தும். தனி வண்டிக்கு அது போதாது. ஒரே வடிவத்தில் ஆயிரக்கணக்கில் வண்டிகள் வந்தன. அவற்றில் 1973 ஜனவரியில் மோன்டே கார்லோவில் வென்றது ஒன்றே ஒன்று. வடிவத்தால் அதையும் பக்கத்து வண்டியையும் பிரித்துக் காட்ட முடியாது. ‘இது அல்பீனா?’ என்பது ஒரு கேள்வி, ‘இது அந்த அல்பீனா?’ என்பது வேறு கேள்வி. பழைய பந்தயக் கார்களைச் சுற்றிய சண்டைகளில் பெரும்பகுதி, முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதற்கும் கொடுத்துவிடுவதால் வருபவை.

அந்தப் பந்தயங்களின் வரலாறு இந்தக் கேள்வியோடு பின்னிக் கிடக்கிறது. 1971-ல் மோன்டே கார்லோ ராலியில் சுவீடனின் ஓவே ஆண்டர்சன் ஏ110-ல் முதலில் வந்தார். ழான்-லுக் தெரியே இரண்டாவது. அந்த ஆண்டு உற்பத்தியாளருக்கான சர்வதேசப் பட்டம் அல்பீனுக்குக் கிடைத்தது. 1973-ல் அதன் இடத்தில் உலக ராலி சாம்பியன் பட்டம் வந்தது. அப்போது ஓட்டுநருக்குத் தனிப் பட்டம் கிடையாது, நிறுவனத்துக்கு மட்டும்தான். மோன்டே கார்லோ, போர்ச்சுகல், மொராக்கோ, கிரேக்கத்தின் அக்ரோபொலிஸ், இத்தாலியின் சான் ரெமோ, கோர்சிகா என்று பதின்மூன்றில் ஆறு ராலிகளை அல்பீன் வென்றது. பனியும் பாலைவனப் புழுதியும் கரடுமுரடான கல் சாலையும் அந்தப் பட்டியலில் அடங்கும். ரெனோ, ஃபோர்டு, ஃபியட் போன்ற பெரிய தொழிற்சாலைகளின் அளவில் பார்த்தால் தியெப்பின் தொழிற்கூடம் ஒரு பட்டறைதான். அது இதைச் சாதித்ததை இன்றைக்குப் படித்தாலும் நெஞ்சு நிமிர்கிறது.

1973-ன் மோன்டே கார்லோவை மட்டும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ழான்-குளோத் ஆந்த்ருயே ஓட்டினார்; பக்கத்து இருக்கையில் வழிக்குறிப்பு வாசித்தவர் மிஷேல் பெத்தி, ராலி உலகம் ‘பிஷ்’ என்று அழைத்த பெண்மணி. வண்டிக்கு 1.8 லிட்டர் இன்ஜின். இறுதிப் பகுதியில் டயர் பஞ்சராகி நேரம் போனது. விட்டதை மீட்டு, சக வீரர் ஆண்டர்சனை 26 நொடியில் முந்தி வென்றார்கள். முதல் ஆறு இடங்களில் ஐந்து அல்பீனுக்கு. இந்த நிகழ்ச்சியில் தத்துவத்துக்கு வேண்டியது அந்த டயர். மலைமேல் பஞ்சரான டயரைக் கழற்றி வேறு மாட்டியபோது, வண்டி வேறு வண்டியாகிவிட்டது என்று யாரும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் பந்தயமே கிடையாது. ராலியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் பனியைப் பார்த்து, சாலையைப் பார்த்து டயர் மாறும். சாலையோரத்தில் காத்திருக்கும் மெக்கானிக்குகள் பிரேக்கையும் ஷாக் அப்சார்பரையும், தேவைப்பட்டால் கியர்பாக்ஸையும் நிமிடக் கணக்கில் மாற்றுவார்கள். புறப்பட்ட வண்டிதான் முடிவுக் கோட்டைத் தாண்டியது என்று நடுவர் எழுதுகிறார். பாகங்களின் கணக்கை எடுத்தால் அது முழு உண்மை அல்ல. மாறுவதுதான் ராலிக் காரின் இயல்பு. மாறாமல் நின்ற ராலிக் கார், ஓடாமல் நின்ற கார்.

ஒரு ராலிக்கும் அடுத்ததற்கும் நடுவில் நடந்தது இதைவிடப் பெரிது. அந்தக் காலத்துத் தொழிற்சாலை அணிகளில் நம்பர் பிளேட்டும் வண்டிக் காகிதங்களும் ஒரு கூட்டிலிருந்து இன்னொரு கூட்டுக்குப் போவது பரவலான வழக்கம். நொறுங்கிய வண்டிக்குப் பதில் புதியது தயாரானால், எல்லை தாண்டுவதற்கான சுங்கப் பத்திரங்கள் கைவசமிருக்கும் பழைய எண்ணையே அதற்கும் மாட்டிவிடுவார்கள். அதில் சூது இல்லை. வேலை நடக்க வேண்டும், அடுத்த வாரம் வேறு நாட்டில் வண்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஐம்பது ஆண்டு கழித்து அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு யாரோ பணத்தைக் கொட்டப்போகிறார்கள் என்று அந்த மெக்கானிக்குகள் நினைத்திருக்க மாட்டார்கள்.

இதே வழக்கின் மிகப் பழைய வடிவம் ஏதென்சில் இருக்கிறது. கிரீட்டிலிருந்து இளைஞர்களை மீட்டு வந்ததாகச் சொல்லப்பட்ட புராண வீரன் தீசியஸின் முப்பது துடுப்புக் கப்பலை ஏதென்ஸ் மக்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள் என்று புளூட்டார்க் எழுதுகிறார். மட்கிய பலகையை எடுத்துவிட்டு நல்ல பலகை வைத்தார்கள். அது அதே கப்பலென்று ஒரு சாராரும் இல்லையென்று இன்னொரு சாராரும் வாதிட, தத்துவவாதிகளுக்கு அது நிலையான உதாரணமாயிற்று. பாடப்புத்தகங்கள் இத்தோடு நிறுத்திவிடும். இதன் இன்னொரு பாதி பிளேட்டோவின் ‘ஃபீடோ’ உரையாடலில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஏதென்ஸ் நகரம் அப்போலோவுக்கு நேர்ந்துகொண்டபடி டெலோஸ் தீவுக்கு ஒரு கப்பலை அனுப்பியது. தீசியஸ் போன கப்பல் அதுதான் என்பது அவர்கள் நம்பிக்கை. கப்பல் போய்த் திரும்பும்வரை நகரம் தூய்மை காக்க வேண்டும், யாருக்கும் மரண தண்டனை நிறைவேற்றக் கூடாது. கிமு 399-ல் சாக்ரடீசுக்குத் தீர்ப்பு வந்த பிறகும் தண்டனை தள்ளிப்போனது, அந்தக் கப்பல் கடலில் இருந்ததால்தான். பலகைகள் மாறிய கப்பலை அதே கப்பலென்று ஒரு நகரம் ஏற்றுக்கொண்டதில் ஒரு மனிதரின் உயிர் பல நாள் தொங்கியது. ஏதென்ஸ் அதை அலங்காரப் பொருளாக நிறுத்தி வைத்துவிடவில்லை. ஆண்டுதோறும் கடலில் அனுப்பியது. அதன் அடையாளம் பலகையில் இல்லாமல் பயணத்தில் இருந்தது. இற்றுப்போன பலகையோடு கடலில் போக முடியாது. ஆகவே பலகையை மாற்றியது அடையாளத்தைக் காப்பதற்கான செயல்.

இந்தியாவில் கேள்வியைக் கூர்மைப்படுத்தியவர் பௌத்தத் துறவி நாகசேனர். கிமு இரண்டாம் நூற்றாண்டில் சாகல நகரை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டர், பாலி நூல் ‘மிலிந்த பஞ்ஹ’வில் மிலிந்தனாக வருகிறான். நாகசேனர் என்ற பெயருக்குப் பின்னால் ஆள் யாருமில்லை என்று துறவி சொல்ல, மன்னன் திகைக்கிறான். துறவி அவனிடம், எதில் வந்தாய் என்று கேட்கிறார். தேரில் என்கிறான். அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா, கடிவாளம் தேரா என்று ஒவ்வொன்றாகக் கேட்க, எல்லாவற்றுக்கும் இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. பாகங்களைக் கூட்டி வைத்தாலும் தனியே ஒரு தேர் அங்கே புதிதாக முளைப்பதில்லை. பாகங்களைச் சார்ந்து வழங்கும் பெயர்தான் தேர். இந்த உவமை நாகசேனருக்கும் முந்தியது. வஜிரா என்ற பிக்குணி இதைச் சொன்னதாகச் சம்யுத்த நிகாயத்தில் வருகிறது.

இந்த வாதத்தைக் கேட்டவுடன், அப்படியானால் எந்த வண்டிக்கும் மோன்டே கார்லோ வண்டி என்று பெயர் வைக்கலாமே என்று தோன்றும். அது தவறு. அதே நூலில் மிலிந்தன் இன்னொன்றைக் கேட்கிறான்: பிறந்த குழந்தையும் வளர்ந்தவனும் ஒருவரா? நாகசேனர் விளக்கைக் காட்டுகிறார். இரவு முழுவதும் எரியும் விளக்கில் முதல் யாமத்துச் சுடரும் கடைசி யாமத்துச் சுடரும் ஒன்றல்ல. இரு வேறு விளக்கும் அல்ல. ஒன்றிலிருந்து ஒன்று பற்றி வந்த தொடர்ச்சி அது. பௌத்தர் அதைச் சந்தானம் என்பார்கள். பெயர் வெறும் வழக்குதான், ஆனால் அந்த வழக்குக்கு அடியில் உண்மையான காரண காரியத் தொடர் ஓட வேண்டும். பக்கத்து வீட்டு விளக்கைக் காட்டி, நேற்று இங்கே எரிந்தது இதுதான் என்று சொல்ல முடியாது. பழைய பந்தயக் கார் விஷயத்தில் இதைவிடத் தெளிவான அளவுகோலை வேறு எந்தத் தத்துவமும் தரவில்லை.

இந்தியத் தத்துவ மரபுகளில் இன்னொன்றைச் சேர்ந்த வைசேடிகர் இதை ஏற்கமாட்டார்கள். தமிழில் மணிமேகலையின் சமயக் கணக்கர் காதையிலேயே வைசேடிகவாதி தன் கொள்கையைச் சொல்லக் காண்கிறோம். அந்த மரபின்படி முழுமை என்பது வெறும் பெயரன்று, உறுப்புகளில் உறைந்து நிற்கும் தனிப் பொருள். அதற்கு அவயவி என்று பெயர். துணி நூல்களின் குவியல் மட்டுமல்ல, நூல்களில் நிற்கும் இன்னொன்று. முழுமைக்கு இவ்வளவு மரியாதை கொடுத்ததற்கு அவர்கள் ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. உறுப்பில் ஒன்று போனால் அந்த முழுமை அழிந்தது, எஞ்சியவற்றில் புதிய முழுமை பிறந்தது என்பதே அவர்கள் கணக்கு. ஓரம் கிழிந்த துணி கறாராகப் பார்த்தால் வேறு துணி. குயவன் சூளையில் பச்சைப் பானை சிவப்பது எப்படி என்பதில் இந்தக் கறார் உச்சத்துக்குப் போயிற்று. சூட்டில் பானை அணு அணுவாகப் பிரிந்து, அணுக்கள் நிறம் மாறி, மறுபடி கூடிப் பானையாகின்றன என்றார்கள் வைசேடிகர். பானை அப்படியே இருக்க நிறம் மட்டும் மாறுகிறது என்றார்கள் நியாய மரபைச் சேர்ந்த நையாயிகர்.

ஏலக் கூடங்களில் இன்று புழங்கும் மொழி பெரிதும் வைசேடிக மொழி. தொழிற்சாலையில் வைத்த அதே இன்ஜின் எண், அதே சேஸி எண், முதல் பெயின்ட் என்று சொல்லச் சொல்ல விலை ஏறுகிறது. ஒரு பாகம் மாறினால் முழுமை குறைந்தது என்று பொருள். சாலையிலேயே ஓடாமல் கொட்டகையில் கிடந்த காருக்கு இந்த அளவுகோல் சரி. நான்கு ராலிகளில் மூன்று கியர்பாக்ஸைத் தின்று தீர்த்த வண்டிக்கு இதை வைத்தால், ஓட்டுநர் முதல் வளைவில் பிரேக் போட்ட அன்றே வண்டி அழிந்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும். பந்தய வரலாறுதான் வண்டியின் பெருமை; அந்த வரலாறே பாகங்களைத் தின்றது. இரண்டையும் ஒருசேரக் கேட்பவர் தம்மோடு தாமே முரண்படுகிறார்.

ஐரோப்பாவில் இந்த வழக்குக்கு மிகக் கொடிய திருப்பத்தைத் தந்தவர் தாமஸ் ஹாப்ஸ். 1655-ல் வெளிவந்த ‘டி கார்போரே’ நூலில், தீசியஸின் கப்பலிலிருந்து கழற்றிய பலகைகளை ஒருவன் எடுத்து வைத்து, அதே வரிசையில் மீண்டும் கப்பலாகக் கட்டினால் என்னவாகும் என்று கேட்டார். அப்போது பழைய பலகைக் கப்பல் ஒன்று, தொடர்ந்து பழுதுபார்த்து வந்த கப்பல் இன்னொன்று. இரண்டும் தீசியஸின் கப்பல் என்றால் ஒன்று இரண்டாகிவிட்டது, அது அபத்தம். ஹாப்ஸ் இதைக் கற்பனையாகத்தான் சொன்னார். பந்தயக் கார் உலகில் இது நடைமுறை. விபத்தில் நெளிந்த சேஸிக் குழாயைப் பட்டறையின் பின்புறம் எறிந்துவிட்டு, எண் பொறித்த தகட்டையும் காகிதங்களையும் புதுச் சேஸிக்கு மாற்றி வண்டி ஓடிக்கொண்டிருக்கும். பல ஆண்டு கழித்து யாரோ அந்த நெளிந்த குழாயைத் தேடிப் பிடித்து, நிமிர்த்தி, அதைச் சுற்றி ஒரு கார் கட்டுவார்கள். ஏ110-க்குப் புதுச் சேஸியும் புதுக் கூடும் செய்து தரும் பட்டறைகள் இருப்பதால் இது அத்தனை கடினமும் இல்லை. முடிவில் ஒரே எண்ணுக்கு இரண்டு கார்கள், இரண்டு உரிமையாளர்கள், இரண்டு பேரிடமும் கொஞ்சம் நியாயம்.

ஜான் லாக் 1694-ல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த அத்தியாயம் இந்த முடிச்சைப் பாதி அவிழ்க்கிறது. ஓக் மரம் கன்றாக இருந்து பெருமரமாகும்போது அதன் பொருள் முழுவதும் மாறுகிறது. இருந்தாலும் அதே மரம், ஏனெனில் ஒரே உயிர் அந்தப் பொருள்களைத் தொடர்ந்து ஏற்று நடத்துகிறது. கடிகாரத்தையும் அவர் ஒப்பிடுகிறார். பாகங்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் ஒரே அமைப்பாகத் தொடர்ந்து இயங்கினால் கடிகாரம் விலங்கின் உடலைப் போன்றதே. வித்தியாசம் ஒன்றுதான்: விலங்குக்கு இயக்கம் உள்ளிருந்து வருகிறது, கடிகாரத்துக்கு வெளியிலிருந்து. காருக்கும் அப்படித்தான். தன் காயத்தை அது தானே ஆற்றிக்கொள்ளாது. அதற்கு உயிராக இருப்பவர்கள் மெக்கானிக், ஓட்டுநர், உரிமையாளர், பதிவேடு எழுதுபவர் என்று வரிசையாக வரும் மனிதர்கள். அவர்கள் கையிலிருந்து கைக்கு வண்டியை விடாமல் கொடுத்தால் வண்டி தொடர்கிறது. கை விட்டுப் பட்டறைப் பின்புறம் போன குழாய் அந்த உயிரிலிருந்து உதிர்ந்த உறுப்பு. வெட்டிய கிளையை நட்டு மரமாக வளர்த்தால் அதுவும் ஓக் மரம்தான், ஆனால் தாய்மரம் நின்ற இடத்திலேயே நிற்கிறது.

நீதிமன்றமும் ஏறத்தாழ இந்த முடிவுக்குத்தான் வந்தது. வழக்கில் இருந்தது பிரிட்டிஷ் கார்: 1929-லும் 1930-லும் லெமான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பெயரில் அறியப்பட்டது. 1932-ல் அது ஒரு கோர விபத்தில் சிக்கி, பின்னர் வேறு பாடியோடு மறுபடி கட்டப்பட்டது. அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட தரப்பு, இது அந்தக் கார் அல்ல என்று பின்வாங்கியதால் வழக்கு எழுந்தது. 1990-ல் இங்கிலாந்து உயர் நீதிமன்ற நீதிபதி ஆட்டன் தீர்ப்பளித்தார். 1929-ல் ஓடிய வண்டியின் பாகங்களில் மிகச் சிலவே அதில் எஞ்சியிருந்தன என்பதை அவர் ஏற்றார். அதனால் அதை மூல நிலையில் உள்ள கார் என்று சொல்ல முடியாது. ஆனால் அது ஒரே மூச்சில் வேறு வண்டியாக மாறிவிடவில்லை. படிப்படியாக, ஓடிக்கொண்டிருக்கும்போதே மாறியது. அந்தப் பெயருக்கு உரிமை கோர வேறு எந்தக் காரும் உலகில் இல்லை. ஆகவே உண்மையான ஓல்டு நம்பர் ஒன் அதுதான் என்று அவர் முடிவு செய்தார். மூலம் என்பதும் உண்மை என்பதும் வேறு வேறு என்று ஒரு நீதிபதி பிரித்துக் காட்டியது தத்துவத்துக்கே பெரிய உதவி. நாகசேனரின் விளக்கு மூல எண்ணெயில் எரிவதில்லை. ஆனாலும் அது பொய் விளக்கு அல்ல.

ஜப்பானின் இசே ஆலயத்தின் முன் இந்த வாதங்கள் வேறு கோலம் கொள்கின்றன. ஷின்டோ மதத்தின் மிகப் புனிதமான அந்த ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் முற்றிலும் புதிய மரத்தால் கட்டி, தெய்வத்தை அதற்குள் எழுந்தருளச் செய்கிறார்கள். 62-வது முறையாக 2013-ல் அது நடந்தது. பழைய மரத்துக்கு அங்கே தனி வழிபாடு இல்லை. மரத்தைச் செதுக்கும் கைத்திறனும் சடங்கும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குப் போகின்றன, அதுவே ஆலயம். இசேயை ஒப்பிட்டு, புதுச் சேஸியும் புதுக் கூடும் கொண்டு இன்று கட்டும் ஏ110-ஐயும் அதே வண்டி என்று சொல்வோர் உண்டு. ஒப்பீடு பொருந்தாது. இசேயில் எல்லாம் வெளிச்சத்தில் நடக்கிறது. எது புதிது, எந்த ஆண்டு கட்டியது என்று நாடே அறியும். ஓடும் பிரதியைப் பிரதி என்று சொல்லிக் கட்டுபவர் இசேயின் தச்சருக்கு நெருக்கமானவர். அதே பிரதியில் பழைய எண் தகட்டை ரிவெட் அடித்து, மோன்டே கார்லோவில் ஓடியது என்று விற்பவருக்கு இசேயின் நிழலில் ஒதுங்க இடம் கிடையாது. அவர் செய்வது, அணைந்த விளக்கின் பெயரை வேறு விளக்குக்கு வைப்பது.

இந்த இடத்தில் பழைய பாகத்தின் மதிப்பு என்ன என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தொடர்ச்சிதான் அடையாளம் என்றால் பழைய இரும்பைத் தூக்கி எறியலாமே என்ற முடிவுக்குச் சிலர் வருகிறார்கள். பழைய பாகம் சாட்சி. ஏ110-ன் நடுக்குழாயில் கை நடுங்கி வைத்த ஒரு வெல்டிங், கூடுதல் விளக்குகளைத் தாங்க முன்புறம் போட்டு பின்னர் அடைத்த துளைகள், அவசரத்தில் உள்பக்கம் ஒட்டிய இழைத்துணித் துண்டு, பல அடுக்குப் பெயின்டுக்கு அடியில் தெரியும் ஒரு நீலம்: இவை பந்தயத்தில் நடந்ததை எந்தக் காகிதத்தையும்விட உறுதியாகச் சொல்கின்றன. அன்றைய புகைப்படத்தில் தெரியும் துளையும் இன்று வண்டியில் உள்ள துளையும் ஒரே இடத்தில் இருந்தால், தொடர் அறுபடவில்லை என்பதற்கு அது சான்று. சாட்சி வேறு, வழக்கில் உள்ள பொருள் வேறு. ஆனால் சாட்சியை அழித்துவிட்டு வழக்கை வெல்ல முடியாது. மணல் அடித்து, மெருகேற்றி, புதுக் கார்போல் பளபளக்க வைக்கும் மறுசீரமைப்பு ஒரு பொய்யும் சொல்லாமலேயே உண்மையை வாயடைத்துவிடுகிறது. விற்பனைக் கூடத்துக்காகச் செய்யும் அந்த மெருகு, கவனமில்லாத பட்டறை வேலையைவிடவும் பெரிய இழப்பைத் தந்திருக்கிறது.

நிறுவனங்கள் வகுத்த விதிகளிலும், இனம் வேறு தனி வண்டி வேறு என்ற பிரிவினை காணப்படுகிறது. பழைய கார்களை ராலிகளில் ஓட்ட, மோட்டார் பந்தயங்களை நெறிப்படுத்தும் சர்வதேச அமைப்பான எஃப்ஐஏ வழங்கும் தொழில்நுட்பக் கடவுச்சீட்டு, அந்த வண்டி தன் காலத்து விதிக்கும் அளவுக்கும் ஏற்ப இருக்கிறதா என்பதை மட்டுமே சொல்கிறது. எந்தப் பந்தயத்தில் ஓடியது என்ற வரலாற்றுக்கு அது பொறுப்பேற்பதில்லை. அரிஸ்டாட்டிலின் வடிவத்துக்கான சான்றிதழ் என்று அதைச் சொல்லலாம். தனி வண்டியின் வரலாற்றைப் பற்றிய அக்கறை வேறோர் ஆவணத்தில் இருக்கிறது. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீவா ஏற்றுக்கொண்ட டுரின் சாசனம், கட்டடங்களைக் காப்பதற்காக 1964-ல் உருவான வெனிஸ் சாசனத்தின் வழியில் எழுதப்பட்டது. கூடியவரை உள்ளதைக் காக்கவும், வேறு வழியில்லாதபோது மட்டும் மாற்றவும், வண்டி தன் வாழ்நாளில் பெற்ற மாற்றங்களையும் அதன் வரலாறாக மதிக்கவும் அது சொல்கிறது. ஓடும் பொருளை ஓடவிட்டே காக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு.

பட்டறையில் இதன் நடைமுறை மிக எளிமையானது. துருப்பிடித்துத் தாங்காமல் போன குழாய்த் துண்டை அறுத்தெடுத்தால், அதை எடைக்குப் போடாமல் சீட்டு ஒட்டிப் பெட்டியில் வைப்பது. புதிதாக வைத்த துண்டில், வெளியே தெரியாத பக்கமாக, ஆண்டையும் வேலை செய்த பட்டறையின் அடையாளத்தையும் பொறிப்பது. அறுப்பதற்கு முன்னும் பின்னும் புகைப்படம் எடுத்துப் பதிவேட்டில் ஒட்டுவது. கண்ணாடியிழைக் கூட்டில் புதுத் துணி போட்ட இடத்தில், பிசின் இறுகும் முன் உட்புறத்தில் தேதி எழுதிய சிறு காகிதத்தைப் பதித்துவிட்டால், அது இழையோடு இழையாக உறைந்து நிற்கும். வண்டி விற்கப்படும்போது பெட்டியும் பதிவேடும் அதோடு போகும். அடுத்து வாங்குபவர் பானெட்டைத் திறந்து, விளக்கடித்து, எது 1973-ஐச் சேர்ந்தது, எது பிற்பாடு வந்தது என்று ஒவ்வொன்றாகப் படித்துக்கொள்ளலாம்.